1970 ட்ரையம்ஃப் பானவில் டி120ஆர்: அசலாகவே விடுவதா, மாற்றி ஓட்டுவதா?

கிராங்க்கேஸ்
649 சிசி, இரட்டை அமல் கான்சென்ட்ரிக் கார்புரேட்டர், அஸ்ட்ரல் சிவப்பும் வெள்ளியும் பூசிய அசல் டேங்க். இப்படி ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கினால் எலக்ட்ரானிக் இக்னிஷன், புது கார்புரேட்டர், ஆயில் ஃபில்டர் போடலாமா? இல்லை, தொடாமல் விடுவதா?

மெரிடன்70
தொடாதீர்கள். முதலில் எண்ணைப் பாருங்கள். என்ஜினின் இடப்பக்கம் சிலிண்டருக்குக் கீழே உள்ள எண்ணும் ஃபிரேம் கழுத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னால் இரண்டு எழுத்து: முதலாவது மாதம், இரண்டாவது வருடம், 1970க்கு 'டி' (D). 1969 முதல் எண்ணுக்குப் பின்னணியாகக் குட்டிக் குட்டி ட்ரையம்ஃப் சின்னங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். அங்கே வழவழவென்று இருந்தால் யாரோ தேய்த்து மறுபடி அடித்திருக்கிறார்கள். 1971ல் தனி ஆயில் டேங்க் போய், ஆயில் ஃபிரேமுக்குள் போனது, சீட் உயர்ந்தது. சேகரிப்பவர்கள் 1968-70 வண்டிகளைத் தேடுவது அதனால்தான். பந்தய வீரர் மால்கம் அப்ஹில் 1969ல் மான் தீவு டிடி பைக் பந்தயத்தில் மணிக்கு 100 மைல் வேகச் சுற்று ஓட்டியதும் இந்தத் தலைமுறை வண்டியில்தான்.

ஸ்பேனர்கட்டு
எண் சரியா இருந்தா மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகிடுமா? தீப்பொறியைத் தூண்டுற பாயின்ட்டுக்குப் பின்னால, வேகத்துக்கேத்தபடி பொறியை முன்னாடி நகர்த்துற அட்வான்ஸ் யூனிட்டோட ஸ்பிரிங் தளர்ந்தா டைமிங் (பொறி விழுற நேரம்) அலையும். பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 38 டிகிரிக்கும் முன்னாடியே பொறி விழுந்தா பிஸ்டன்ல ஓட்டை. பாயின்ட்டுக்குப் பதிலா வர்ற எலக்ட்ரானிக் தட்டு அதே மூடிக்குள்ள அடங்கிடும், ஒரு துளைகூடப் போட வேண்டாம்.

மெரிடன்70
நீங்கள் சொல்வது பழைய 4சிஏ ரகப் பாயின்ட்டின் தலைவலி. அதில் இரண்டாவது சிலிண்டரின் டைமிங்கை இடைவெளியை மாற்றித்தான் சரிக்கட்ட முடியும். 1970 வண்டியில் 6சிஏ ரகம். இரண்டு பாயின்ட்டும் தனித்தனியாக நகரும். இடைவெளி 0.38 மி.மீ., புது ஸ்பிரிங், ஸ்ட்ரோப் விளக்கு வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தால் போதும். உங்கள் எலக்ட்ரானிக் பெட்டியோ பேட்டரி இறங்கினால் டைமிங்கைக் குழப்பும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடலோடு சேர்ந்திருக்கிறது (பாசிட்டிவ் எர்த்) என்பதை மறந்து வயரை மாற்றிக் கொடுத்தால் பெட்டியே போய்விடும்.

ஸ்பேனர்கட்டு
சரி, கார்புரேட்டர்? உடலும், உள்ளே ஏறி இறங்கிக் காத்தைக் கட்டுப்படுத்துற ஸ்லைடும் ஒரே துத்தநாகக் கலவை. ரெண்டும் உரசித் தேஞ்சா ஐடில் (ஆக்சிலரேட்டர் திருகாம என்ஜின் மெதுவா ஓடுறது) நிக்காது. என்ஜினோட சேர்க்கிற ஃபிளாஞ்ச் நட்டை இறுக்கி இறுக்கி உடல் வளைஞ்சிருந்தா ஸ்லைடு சிக்கும். அதே அமலோட பிரீமியர் ரகம் வாங்கினா ஸ்லைடு கடினப்படுத்தின அலுமினியம், ஐடிலுக்குப் பெட்ரோல் விடுற பைலட் ஜெட்டையும் கழட்டலாம். பழசுல அந்த ஜெட் உள்ளே அழுத்தி வெச்சது, அடைச்சா 0.4 மி.மீ. கம்பி விட்டுக் குத்தணும்.

மெரிடன்70
பிரீமியர் போடுவதில் சண்டையில்லை, வெளித்தோற்றம் அதேதான். கழற்றிய ஜோடியை மட்டும் பத்திரமாக வையுங்கள், தூக்கிப் போட்டால் திரும்பக் கிடைக்காது.

ஃபீலர்கேஜ்
இரண்டு பேருமே வெளியே தெரிவதைப் பேசுகிறீர்கள். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஸ்லட்ஜ் ட்ராப்பை எப்போது திறந்தார் என்பது. அது கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) உள்ளே இருக்கும் ஒரு குழாய். சுழற்சியில் ஆயிலில் உள்ள கசடு அதன் சுவரில் ஒட்டிக் கெட்டிப்படும். ஃபில்டராகத் தொழிற்சாலை கொடுத்தது வெறும் கம்பிவலை. நுண்ணிய கசடு அதில் நிற்காது. குழாய் நிறைந்தால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் இடத்துக்கு) ஆயில் போகாது; பேரிங் உருகும், கனெக்டிங் ராடும் போகலாம். ஆயில் டேங்கில் ஆயில் பளிச்சென்று இருப்பதை வைத்து நம்பிவிடக் கூடாது, ஃப்ளஷ் பண்ணியும் இது போகாது. என்ஜினை இறக்கி, கிராங்க்கைச் சுற்றியுள்ள கிராங்க்கேஸைப் பிளந்து, ஃப்ளைவீல் போல்ட்டுகளில் குழாயைப் பிடித்திருக்கும் அந்த ஒன்றைக் கழற்ற வேண்டும். அதை விட்டுவிட்டு இழுத்தால் குழாய் கிழியும். பிறகு கிராங்க் ஓரத்து மூடியின் பஞ்ச் அடையாளத்தை டிரில்லால் எடுத்துவிட்டுத் திருகிக் கழற்றி, குழாயை உருவ வேண்டும். மாட்டும்போது போல்ட்டுக்கு லாக்டைட் (தளராமல் பிடிக்கும் பசை) கட்டாயம். ரசீதோ படமோ இல்லையென்றால் திறக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஸ்பேனர்கட்டு
இதைத்தான் நானும் சொல்றேன். திறந்து சுத்தம் பண்ணினதும் ஆயில் டேங்குக்குத் திரும்புற ரிட்டர்ன் லைன்ல காகித ஃபில்டர் போட்டுடுங்க. கிளாம்ப்ல நிக்கும்.

மெரிடன்70
உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டர் டப்பா வெளியே தொங்குவதை ஏற்க மாட்டேன். 1500 மைலுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றினால் போதும்.

ஸ்பேனர்கட்டு
வருஷத்துக்கு நூறு மைல் ஓட்டுறவங்களுக்கு அது போதும்.

கிராங்க்கேஸ்
எண்ணுக்குப் பின்னால் சின்னங்கள் தெரிகின்றன. ஸ்லட்ஜ் ட்ராப்புக்கு ரசீது இல்லை. என்ஜினை இறக்கும் செலவைக் கழித்து விலை கேட்கப் போகிறேன்.