பொருள்: மறு: பூஸ்ட் – மீயேற்றமா, ஊக்கமா, மேலமுக்கமா?

வணக்கம்.

நாங்கள் சேர்க்கும் கார்க் கலைச்சொற் பட்டியலில் 'பூஸ்ட்'டுக்கு (சுப்பர்சார்ஜர் என்ற கருவி எஞ்சினுக்குள் காற்றை நெருக்கித் தள்ளுவதால் ஏறும் அமுக்கம்) என்ன சொல் வைப்பது என்று ஐயா எழுதியது:

> சுப்பர்சார்ஜர் – மீயேற்றி. பூஸ்ட் – மீயேற்றம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. முடித்துவிடலாமா?

முடிக்கவேண்டாம், ஐயா. அந்தச் சொல்லால் போன கிழமை எனக்கு அரைநாள் போனது.

மச்சான் முறையான ஒருவரின் இரண்டு சீற்று ஸ்போர்ட்ஸ் கார் கொக்குவிலில் எங்கள் வளவு மாமரத்துக்குக் கீழே 8 மாதம் நின்றது. சுப்பர்சார்ஜர் உள்ள கார். கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர் மானிப்பாய் வீதியில் ஒரு சுற்று ஓட்டிப்போட்டு வந்து, "இழுக்குதில்லையடாப்பா, சும்மா வான் மாதிரிப் போகுது" என்றார். முந்தி 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அமுக்க அளவு) காட்டின பூஸ்ட் கேஜ் இப்போது 4 ஐத் தாண்டுதில்லை.

எங்கள் ஒழுங்கையில் கராஜ் வேலை பழகும் தம்பியைக் கூப்பிட்டு, நான் மொழிபெயர்த்து வைத்திருந்த சோதனைத் தாளைக் கையில் கொடுத்தேன். ஐயாவின் சொல்லைத்தான் போட்டிருந்தேன். முதல் வரி: "மீயேற்றம் குறைவாயின் காரணம் அறிக." பெடியன் மல்ரிமீற்றரை எடுத்துக்கொண்டு நேரே பற்றரியடிக்குப் போனான். நிற்கையில் 12.6 வோல்ற்று, எஞ்சின் ஓடுகையில் 14.1. "அண்ணை, ஏற்றம் எல்லாம் வடிவா இருக்கு. மீயேற்றமும் இல்லை, குறையேற்றமும் இல்லை."

அவன் உயர்தரத்தில் பௌதிகவியலைத் தமிழில் படித்தவன். இங்கே ஏற்றம் என்றால் மின்னேற்றம். அவனில் பிழை இல்லை. ஆங்கிலச் சொல்லில் உள்ள 'சார்ஜ்' சிலிண்டருக்குள் ஒவ்வொரு தரமும் போகிற காற்று–எரிபொருள் கலவையைக் குறிப்பது, மின்சாரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தது நாங்கள், பற்றரியைச் சோதித்தது அவன்.

கோயம்புத்தூர் நண்பர் எழுதியது:

> எளிமையாக 'ஊக்கம்' போதும். பூஸ்ட் லாஸ் – ஊக்க இழப்பு.

கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் கேஜ் காட்டுவது ஊக்கத்தை அல்ல. இதில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும்.

இந்தக் காரின் சுப்பர்சார்ஜர் ரூட்ஸ் வகை ஊதி. அது ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளும். எஞ்சின் அந்தக் காற்றை அந்த வேகத்தில் விழுங்க முடியாதபோது உள்ளெடுக்கும் குழாயில் காற்று நெருக்கி நிற்கும். அந்த நெருக்கத்தைத்தான் கேஜ் காட்டுகிறது. தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு இது விளங்கும். பம்ப் இறைக்கிற வேகத்துக்குப் பாத்தி குடிக்காவிட்டால் வாய்க்காலில் தண்ணி முட்டி நிற்கும். வாய்க்காலில் மட்டம் இறங்கினால் பம்பில்தான் பிழை என்று சொல்லேலாது. வரம்பு உடைந்திருக்கலாம். யாரோ பாத்தியின் வாயைப் பெரிதாக வெட்டியும் விட்டிருக்கலாம்.

அந்தக் கடைசி விஷயம்தான் 'ஊக்க இழப்பு' என்ற சொல்லை விழுத்துகிறது. புகைபோக்கியையும் சிலிண்டர் தலையின் வாசல்களையும் அகலமாக்கினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், வலு கூடும், ஆனால் கேஜ் முந்தியதிலும் குறைவாகக் காட்டும். வலு கூடின காரைப் பார்த்து ஊக்கம் இழந்துவிட்டது என்று எழுதுவதா?

ஆகவே கேஜ் காட்டுவதைக் கேஜின் பெயரால் சொல்வோம்: மேலமுக்கம். வளிமண்டல அமுக்கத்துக்கு மேலே உள்ள அமுக்கம், அவ்வளவுதான். கடல்மட்டத்தில் வளிமண்டலம் 14.7 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் 10 என்றால் மொத்தம் 24.7, கிட்டத்தட்ட 1.7 மடங்கு. 4 என்றால் 1.3 மடங்குகூட இல்லை. (அமுக்கினால் காற்றுச் சூடேறும், அந்தக் கணக்கை இதில் விட்டிருக்கிறேன்.) எஞ்சின் சும்மா ஓடும்போது முள் பூச்சியத்துக்கு இடப்பக்கம் நிற்கிறதே, அதை 'வெற்றிடம்' என்று எழுதுகிறோம். வெற்றிடம் அங்கே எங்கே இருக்கிறது? அது கீழமுக்கம். ஒரே முகப்பில் இரண்டு பக்கத்துக்கும் சோடிப் பெயர் கிடைக்கிறது.

கரடுமுரடு என்று சொல்லப்போகிறவர்களுக்கு ஒன்று. கார்த்திகை பிறந்தால் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லும், பருத்தித்துறையில் வள்ளத்தைக் கரையில் இழுத்துக் கட்டுவார்கள். தாழமுக்கமும் ஒரு காலத்தில் யாரோ மேசையில் இருந்து ஆக்கின சொல்தான். 'உயரமுக்கம்' வானிலைக்காரருடையது, அதனால் அதைத் தொடவில்லை. (கலைச்சொல் பேச்செடுத்தால் யாழ்ப்பாணத்தான், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கின மானிப்பாய் கிறீன் வைத்தியரை இழுக்காமல் விடமாட்டான். இந்த முறை அவரை விட்டுவிடுகிறேன்.)

இனி, மேலமுக்கம் ஏன் இறங்கும்? தாளைத் திருத்தி எழுதியபோது மூன்று வினைச்சொல் போதும் என்று கண்டேன்: வழுக்குது, கசியுது, திரும்புது.

ஊதியைச் சுற்றும் பெல்ற் வழுக்கினால் முள் நல்லாய் ஏறிவந்து, சுற்று வேகம் கூடினபிறகு அங்கேயே நிற்கும், அல்லது சரியும். கப்பியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கும், பெல்ற்றின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கும். கசிந்தால் சத்தம் கேட்கும். குழாய்ப் பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணி பூசிப் பார்க்கலாம், புகை விட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

எங்கள் காரில் முள் நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே சோம்பல். 5500 இலும் 4. அதற்கிடையில் மச்சான் பொறுமையில்லாமல் கொழும்பில் சொல்லிப் புது பெல்ற் எடுப்பித்துவிட்டார். பஸ்ஸில் வந்தது. போட்டோம். 4.

கசிவும் காணவில்லை. மிச்சம் இருந்தது மூன்றாவது, 'திரும்புது'. ஊதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. அக்சிலேற்றரை மிதிக்காத நேரம் அது திறந்து, ஊதின காற்றை ஊதியின் வாய்க்கே திருப்பிவிடும். மிதித்தால் ஸ்பிரிங் அதை மூடும். அதைத் திறப்பது எஞ்சினின் கீழமுக்கம், ஒரு இறப்பர் பிரிமென்றகட்டை (டயபிரம்) இழுத்து. அந்தப் பிரிமென்றகடு கிழிந்தால் கதவு திறக்காமல் போகுமே தவிர மேலமுக்கம் இறங்காது. கனபேர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு அதையே மாற்றுகிறார்கள்.

எஞ்சினை நிப்பாட்டிவிட்டு, கதவின் லீவரை விரலால் இழுத்து விடச் சொன்னேன். "டக்" என்று திரும்பவேண்டியது. பாதி வழி வந்து நின்றது. "அண்ணை, தேன் பாணிக்குள்ள கையை விட்ட மாதிரி இருக்கு" என்றான். எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் தூசும் சேர்ந்து அச்சாணியில் பசையாக இறுகிப்போய்க் கிடந்தது. கழுவமுதல் ஒரு சோதனை: கேபிள் ரை போட்டு லீவரை மூடிக் கட்டி, ஒரேயொரு தரம் ஓட்டினோம். முள் 10. கேபிள் ரையை வெட்டி, கிளீனர் அடித்துக் கழுவி, லீவர் தானாக டக் என்று திரும்பும்வரை ஆட்டினான். பிறகும் 10.

அந்தக் கதவுக்கு 'புறவழி வால்வு' என்று பட்டியலில் இருக்கிறது. புறவழி என்றால் ஊரைச் சுற்றி அடுத்த பக்கம் போவது. இந்தக் காற்றோ புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. மீள்மடை என்கிறேன்.

ஊதிக்கு என் விருப்பம் துருத்தி. ரூட்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவில் 1860 இல் காப்புரிமை எடுத்தபோது கார் இல்லை. அந்த ஊதி உலைகளுக்குக் காற்றடித்த சாமான். கொல்லன் பட்டடையில் அந்த வேலைக்கு எங்களிடம் பெயர் முன்பே இருக்கிறது.

– கொக்குவிலிலிருந்து

*

மறு: மறு:

அண்ணை, மேலமுக்கத்துக்குச் சரி. துருத்திக்கு மாட்டன். துருத்தி விரிந்து சுருங்கும் தோற்பை, இது இரண்டு உருளி சுழலுறது. மற்றது, வன்னியில் எங்கட அம்மாவிடம் மடை என்று சொல்லிப் பாருங்கோ, அம்மன் கோயில் படையலைத்தான் நினைப்பா. மீள்வழி என்று வையுங்கோவன்.

– கிளிநொச்சியிலிருந்து

*

மறு: மறு: மறு:

நண்பர்களே, தமிழ்நாட்டில் இதை 'அழுத்தம்' என்றால்தான் புரியும். புயல் செய்தியிலும் 'காற்றழுத்தத் தாழ்வு' என்றே கேட்டுப் பழகிவிட்டோம். 'மேலழுத்தம்' என்று எழுத அனுமதி உண்டா? உங்கள் 'வலு' எங்களுக்கு 'திறன்' என்பதையும் பட்டியலில் குறித்துவிடுங்கள், மாணவர்கள் குழம்புகிறார்கள்.

– சென்னையிலிருந்து

*

மறு: மறு: மறு: மறு:

அனுமதி கேட்கிற விஷயமா இது? மேலமுக்கம், மேலழுத்தம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன். வலு–திறன் குறிப்பும் சேரும்.

தம்பி, படையலுக்குப் பயந்து வயலில் மடை திறக்காமல் விட்டோமா? மீள்மடை நிற்கட்டும். துருத்தியை விட்டுத்தருகிறேன். கராஜில் பெடியன் இரண்டு நாளாக அதை 'ஊதி' என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறான். மேலே நானும் என்னை அறியாமல் அப்படியே எழுதியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். 'ஊதி' என்று பதிந்துவிடுங்கோ.

புது பெல்ற்றைக் கழற்றிப் பழையதையே போட்டாயிற்று, அதில் ஒரு பழுதும் இல்லை. மச்சான் பெல்ற் காசை என்னிடம் கேட்கிறார். தாளை எழுதினது நானாம்.

– கொக்குவிலிலிருந்து