மறு: 'மான்டேஜ்' – ஒரு சொல்லுக்குள் அடங்குமா?

> கீழக்கரை காக்கா எழுதியது: மான்டேஜுக்கு 'முரண்தொடை' என்றே வைத்துவிடலாம். யாப்பில் ஏற்கெனவே இருக்கிற சொல். புதிதாக எதையும் செய்யவேண்டிய வேலை இல்லை.

காக்கா, திரைப்படச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் உங்கள் சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மான்டேஜுக்கு? கோடம்பாக்கத்தில் மான்டேஜ் பாட்டு என்றால் யாரும் வாயசைக்காமல் காட்சிகள் ஓடிக்கொண்டிருக்க, பின்னணியில் ஒலிக்கிற பாட்டு. நம் பக்கம் ஆல்பம் எடுக்கிற பையன்களும் "லிப் வேண்டாண்ணே, மான்டேஜா போட்ருவோம்" என்றுதான் பேசுகிறார்கள். அமெரிக்கப் படங்களில் ஆறு மாதத்தை ஒரு நிமிடத்துக்குள் அடக்கிக் காட்டும் தொடர்காட்சிக்கு அந்தப் பெயர். பிரெஞ்சுக்காரர்களுக்கு எடிட்டிங் மொத்தமுமே மான்டேஜ். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் பேசியது இந்த மூன்றிலும் சேராத வேறொன்று. காக்கா சொல் தேடுவது அதற்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மான்டேஜ் பாட்டை அப்படியே விட்டுவிடுவோம். நாம் என்ன வைத்தாலும் செட்டில் யாரும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஐசன்ஸ்டைனுக்கு முரண்தொடை போதாது என்பது என் கருத்து. முரணில் இரவும் பகலும் எதிரெதிரே நிற்கும், அவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்று பிறக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அவர் கேட்டதோ அந்த மூன்றாவதைத்தான். 1929-இல் எழுதிய கட்டுரையில் சித்திர எழுத்துகளை உதாரணம் காட்டுகிறார்: கண்ணுக்கு அருகில் நீரை எழுதினால் அழுகை, நாய்க்கு அருகில் வாயை எழுதினால் குரைப்பு. எழுதியது இரண்டு பொருள்கள். படிப்பவருக்குக் கிடைப்பது அவ்விரண்டிலும் இல்லாத ஒரு கருத்து.

இதற்கு நம்மிடம் பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான், அன்மொழித்தொகை. பொன்னும் தொடியும் சேர்ந்து 'பொற்றொடி' என்றானதும், பேச்சு வளையலைப் பற்றியதாக இல்லாமல், அதை அணிந்த பெண்ணைப் பற்றியதாகிவிடுகிறது. அவளைக் குறிக்கிற சொல்லே அங்கே இல்லை. எடிட்டிங்கைத் தொகுப்பு என்று ஏற்கெனவே சொல்லிவருகிறோம். ஆகவே ஐசன்ஸ்டைன் வழியிலான மான்டேஜுக்கு அன்மொழித் தொகுப்பு என்று முன்மொழிகிறேன்.

நம் கரையிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மண்டபம் கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. இது முதல் ஷாட். அடுத்த ஷாட், ஒரு பெண்ணின் காது. தோடு இருக்கவேண்டிய துளையில் ஈர்க்குச்சி. அடகுக் கடையைக் காட்டவில்லை, வசனம் இல்லை. ஆனால் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ இதைப் பார்க்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இரண்டில் ஏதாவது ஒரு ஷாட்டைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். படகு வெறும் படகாக நிற்கும். காது வெறும் காதாக இருக்கும்.

> தொண்டி அக்கா எழுதியது: தொகுப்பு, தொடை எல்லாம் முழுக் குவியலுக்கான பேர். ரெண்டு ஷாட் சந்திக்கிற அந்த இடத்துக்கு என்ன பேர்? 'வெட்டு'ன்னா பிரிக்கிற மாதிரில்ல இருக்கு, சேர்க்கிற மாதிரி இல்லையே.

அக்கா, இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான். வெட்டு என்பது செயலுக்கு ஆகிவந்த பெயர், அது இருக்கட்டும். சந்திப்புக்கு யாப்பிலிருந்தே தளை. நின்ற சீரின் கடைசி அசையும் வரும் சீரின் முதல் அசையும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்பதுதானே தளை? முந்தைய ஷாட்டின் கடைசிப் பிரேமுக்கும் அடுத்த ஷாட்டின் முதல் பிரேமுக்கும் இடையே எடிட்டர் பார்ப்பதும் அதைத்தான். கை ஓங்கியதோடு ஒரு ஷாட் முடிந்து, அடுத்த கோணத்தில் அந்தக் கை இறங்கினால் ஒன்றிய தளை. ஒட்டாமல் துள்ளினால் ஒன்றாத தளை. தளை என்றால் விலங்கு என்ற பொருளும் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். யாப்பு படித்தவர்கள் ஆயிரம் ஆண்டாக அதைப் பொருட்படுத்தவில்லை, நமக்கென்ன?

இதில் இன்னொரு வசதியும் உண்டு. மான்டேஜ் என்பது ஷாட்டுகளை இணைப்பது என்றார் இன்னொரு சோவியத் இயக்குநரான புதோவ்கின், ஐசன்ஸ்டைன் மோதவிடுவது என்றார். இருவரும் சோவியத் இயக்குநர் குலெஷோவின் பட்டறை வழியாக வந்தவர்கள். ஒரே முகத்தைச் சூப்புத் தட்டுக்கும் சவப்பெட்டிக்கும் பக்கத்தில் ஒட்டி, பார்ப்பவர்களை முகபாவமே மாறியதாக நம்பவைத்த அதே குலெஷோவ்தான். புதோவ்கின், ஐசன்ஸ்டைன் இருவரின் சண்டையைத் தளை என்ற சொல் ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிடுகிறது. வெண்பாவில் வரும் இயற்சீர் வெண்டளையில், நேரசையில் முடியும் மாச்சீருக்குப் பின் நிரை, நிரையசையில் முடியும் விளச்சீருக்குப் பின் நேர். அங்கே அசைகள் ஒன்றாமல் இருப்பதுதான் விதி, வெண்பா உடைந்துபோகவில்லையே.

பாட்டின் தட்டுக்கு ஏற்ப ஷாட்டை மாற்றும் 'பீட் கட்'டுக்கு 'அடிவெட்டு' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். வேண்டாம் தம்பி, போலீஸ் செய்தி மாதிரி இருக்கிறது. தாளவெட்டு சரி. ஆனால் தாளத்தின் மேல் சரியாக விழுகிற வெட்டுக்கு மட்டும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில், 25 பிரேம் வீடியோ என்றால் ஒரு தட்டுக்கு 12.5 பிரேம். அரைப் பிரேமில் யாரும் வெட்ட முடியாது, ஆகவே ஒன்றுவிட்டு ஒன்று எப்படியும் சற்றுத் தள்ளித்தான் விழும். அது கணக்கின் கோளாறு என்று விட்டாலும், தெரிந்தே முந்தியும் பிந்தியும் வெட்டுவது இசைக்காணொளியின் உயிர். கதைப்படத்தில் பெரும்பாலும் வெட்டை மறைக்கப் பாடுபடுவோம். இசைக்காணொளியில் வெட்டு தன்னைக் காட்டிக்கொள்கிறது என்று ஆய்வாளர் காரல் வெர்னாலிஸ் 2004-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நம் இசைக்காரர்கள் சமம், அதீதம், அனாகதம் என்று, பாட்டு தாளத்தில் தொடங்கும் இடமான எடுப்பை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'வெட்டின் எடுப்பு' என்று சொன்னால் முந்துவதும் பிந்துவதும் அதற்குள் வந்துவிடும்.

கரைவலை இழுப்பதைப் படம் எடுத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வலை இழுக்கும்போது பாடும் அம்பாவில் முன்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்கும்போதுதான் உடம்பு பின்னால் சாய்ந்து கயிறு வரும். வெட்டவேண்டிய இடத்தைக் குறிக்கும் மார்க்கரைக் குரல் ஏறுகிற இடத்தில் போட்டு வெட்டினால் ஆட்கள் சும்மா நிற்கிற பிரேம்தான் கிடைக்கும். ஏற்கிற இடத்தில் வெட்டினாலும் பாதி இழுப்பு போய்விடுகிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால், சாயத் தொடங்கும்போதே வெட்டவேண்டும். மென்பொருள் தானாகப் போடும் பீட் மார்க்கருக்கு இது தெரியாது.

தளையில் எனக்கே ஓர் ஐயம் இருக்கிறது. டிசால்வில் ஒரு ஷாட் முடியுமுன்பே அடுத்தது அதன் மேல் ஏறிவிடுகிறது. கடைசிப் பிரேம், முதல் பிரேம் என்ற எல்லையே அங்கே இல்லை. தளைக்கு எல்லை வேண்டும். புணர்ச்சி விதிகளில் ஏதாவது கிடைக்குமா என்று அக்கா பார்த்துச் சொல்லுங்கள்.