384 பேர் கிடைத்துவிட்டால் ஆய்வு ஆகிவிடுமா?

வைகைக்கரை: புதிய ஆய்வாளர்களுக்குத் தணிகைமலை நேற்று எழுதிய அறிவுரையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "384 பேரிடம் வினாப்பட்டியலை நிரப்பி வாங்குங்கள், எந்த நெறியாளரும் கேள்வி கேட்கமாட்டார்" என்கிறார். கேள்வி கேட்காத நெறியாளர்தான் இன்றைய நோயே!

தணிகைமலை: 384 என் கற்பனை அல்ல அம்மா. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் பத்து லட்சம் பேரைப் பற்றி அறிய 384 பேரைக் கேட்டால் போதும் என்றிருக்கிறது. பதினோரு பேரை முனைவராக்கியவன் நான்.

வைகைக்கரை: 95 விழுக்காடு நம்பகம், 5 விழுக்காடு வரை பிழை, தேர்ந்தெடுக்கப்பட எல்லோருக்கும் சமவாய்ப்பு என்று கொண்டால்தான் அந்த எண் வரும். உங்கள் மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் படிவத்தை அனுப்புகிறார்கள். சமவாய்ப்பு தர எல்லோருடைய பெயர்ப் பட்டியலும் வேண்டுமே, அதை எங்கிருந்து எடுத்தார்கள்?

களப்பணியாளன்: 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளை வைத்துக்கொண்டு வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட். கேட்கும் ஆட்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

தணிகைமலை: அமெரிக்கக் கதை எதற்கு? 384 அட்டவணையில் இருக்கிறதா, இல்லையா?

வைகைக்கரை: இருக்கிறது, சமவாய்ப்பு மாதிரிக்கு, அதாவது முழுப் பட்டியலிலிருந்து குலுக்கல்போல் எடுத்த ஆட்களுக்கு! பட்டியல் எங்கே? பன்னிரண்டு கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். ஒரே தெருவில் முப்பது வீடுகளில் கேட்டால் ஒரே கருத்துத்தான் முப்பது முறை வரும். முதலில் சிலரிடம் மட்டும் கேட்டுப் பார்த்த முன்னோட்ட ஆய்வில் என் கேள்விகளில் ஒன்பது வீணாயின. வருமானம் எவ்வளவு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நெல் எத்தனை மூட்டை கண்டது என்று கேட்ட பிறகே பேசினார்கள். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் பரப்பை மதிப்பிட்டபோதுகூட முதலில் சிறிய அளவில் சோதித்துத்தான் விரிவாக்கினார். இதையெல்லாம் சென்ற ஆண்டு எழுதியபோது "களக்கதை" என்று ஏளனம் செய்தவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

செந்தமிழ்ப்பித்தன்: 'மாதிரி' என்பது பிழை. 'கூறு' என்று எழுதுங்கள்.

களப்பணியாளன்: இலங்கைப் பாடநூல்களில் மாதிரிதான் ஐயா.

செந்தமிழ்ப்பித்தன்: நான் தமிழ்நாட்டுப் பாடநூலைச் சொல்கிறேன்.

ஆய்வு மாணவி: 384 இல்லாமல் கையெழுத்திடமாட்டேன் என்கிறார் என் நெறியாளர். எனக்கு இன்னும் ஆறு மாதமே இருக்கிறது.

தணிகைமலை: அனுபவம் உள்ளவர். சொல்படி கேளுங்கள்.

வைகைக்கரை: தங்கையே, உன் ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று அவர் ஒருமுறையாவது கேட்டாரா?

தணிகைமலை: மறுபடியும் பேச்சை மாற்றுகிறீர்கள். அட்டவணையைத் திறந்து பாருங்கள். 384.

வைகைக்கரை: மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். பட்டியல் எங்கே?