ஸ்பீக்கர் பெட்டிக்கு 18 மி.மீ. எம்.டி.எஃப். – கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்குவது எப்படி?

பெட்டிப்பாட்டு:

ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி செய்யணும். உள்ளளவு 200 அகலம், 320 உயரம், 240 ஆழம் (எல்லாம் மி.மீ.). ஒரு பெட்டிக்கு சுமார் 15.4 லிட்டர் வரும். 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போடலாம்னு இருக்கேன். பக்கப் பலகை 356 × 276, மேல்-கீழ் 276 × 200, முன்-பின் 320 × 200. ஒவ்வொன்றிலும் நாலு, ஆக மொத்தம் 12 துண்டு. மேல்-கீழ் ரெண்டும் பக்கப் பலகைகளுக்கு நடுவில் உட்காரும். முன்-பின் நாலு பக்கமும் அடைபட்டு உள்ளே உட்காரும்.

கையில் இருப்பது டிரில்லும் ஜிக்சாவும் நாலு கிளாம்பும்தான். நேர்க்கோட்டில் வெட்ட வசதியில்லை. முழு 8×4 அடி ஷீட் வாங்கியே ஆகணுமா? கடையில் அளவை எப்படி எழுதிக் கொடுக்கணும்? ஒரு மி.மீ.க்குள் வெட்டித் தருவாங்களா?

ரம்பக்கட்டை:

முழு ஷீட் வேண்டாம். உங்க அளவுகள் நல்லா அமைஞ்சிருக்கு. 12 துண்டும் ரெண்டே அகலத்தில் அடங்குது: 276, 200.

8×4 ஷீட் என்பது 2440 × 1220. நீளவாக்கில் 276 அகலத்தில் ஒரு பட்டை. அதில் 356 நாலு, 200 நாலு போட்டால் 2224. பிளேடு தின்பதையும் சேர்த்தால் 2250. அடுத்து 200 அகலத்தில் இன்னொரு பட்டை, அதில் 320 நாலு. ரெண்டு பட்டைக்கும் சேர்த்து ஷீட்டின் அகலத்தில் 490 மி.மீ.தான் போகுது. ஆக 8×2 அரை ஷீட் போதும். 4×4 கிடைத்தாலும் சரி: அகலம் 276-இல் ரெண்டு பட்டை, 200-இல் ரெண்டு பட்டை, பெட்டிக்கு ஒரு ஜோடி. வண்டியில் ஏற்றவும் 4×4தான் வசதி. 18 மி.மீ. எம்.டி.எஃப். முழு ஷீட் 40 கிலோ பக்கம் வரும், அதற்குக் குட்டி யானை பிடிக்கணும். வெட்டிய உங்க 12 துண்டும் சேர்ந்தே 12 கிலோதான், பைக்கில் கட்டிக்கொண்டு வந்துடலாம்.

கணக்குப் போடும்போது மறக்கக்கூடாதது பிளேடு கனம். பேனல் சாவில் (பலகையை மேஜையில் வைத்து நேராக வெட்டும் பெரிய ரம்ப மிஷின்) ஒரு வெட்டுக்கு 3.2 மி.மீ. போகும். எட்டு வெட்டுக்கு 25 மி.மீ.க்கு மேல். பேப்பரில் விளிம்போடு விளிம்பு ஒட்டிப் படம் போட்டுக் கொடுத்தால் கடைசித் துண்டு அந்த அளவுக்குக் குறையும்.

இன்னொன்று, பேனல் சா இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை ஒரே ஓட்டமாகத்தான் வெட்டும். நடுவில் நிறுத்தி எல் வடிவத்தில் திரும்ப முடியாது. அதனால் முதலில் பட்டை, பிறகு துண்டு, இந்த வரிசையில்தான் யோசிக்கணும். துண்டுகள் நிறைய இருந்தால் கட்லிஸ்ட் ஆப்டிமைசர் மாதிரி ஒரு மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு அது தேவையில்லை.

நூல்மட்டம்:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் அளவு எழுதித் தரும் இடத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க.

உங்க சீட்டில் மி.மீ. இருக்கும். வெட்டுகிறவர் டேப்பில் அங்குலமும் நூலும் பார்ப்பார். ஒரு நூல் என்பது 1/8 அங்குலம், 3.175 மி.மீ. அவர் மனசுக்குள் மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் பாருங்க. 276 என்பது 10 அங்குலம் 7 நூல், 200 என்பது 7 அங்குலம் 7 நூல், ரெண்டும் கிட்டத்தட்டச் சரியாக விழும். 356 என்பது 14 அங்குலம், 0.4 குறையும். 320 என்பது 12 அங்குலம் 5 நூல், 0.7 கூடும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிசா தெரியாது. பெட்டியைச் சேர்க்கும்போது உள்ளுயரம் 319.6, முன்பலகை 320.7. உள்ளே போகவே போகாது. அதனால் சீட்டின் தலையில் ‘எல்லா அளவும் மி.மீ.’ என்று பெரிசா எழுதி, அவர் டேப்பில் மி.மீ. பக்கத்தைப் பார்த்துத்தான் கைடை (பலகையை ஒட்டி வைக்கும் நேர்த்தடுப்பு) நிறுத்துறாரா என்று நின்று பாருங்க.

அடுத்தது கனம். 18 என்று விற்பதெல்லாம் 18 இல்லை. எம்.டி.எஃப். ஓரளவு ஒழுங்காக இருக்கும், பிளைவுட் 17-க்கும் 18-க்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும். பலகை 17.4 இருந்தால் உங்க உள்ளுயரம் 356 − 34.8 = 321.2 ஆகிடும். 320-க்கு வெட்டிய முன்பலகையில் 1.2 மி.மீ. இடைவெளி, காற்று கசியும். கடைக்கு வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) கொண்டு போய் நாலு ஓரத்திலும் அளந்து, கணக்கை அங்கேயே திருத்திக்கொள்ளுங்க. விலை குறையுதேன்னு கட் பீஸ் குவியலில் பொறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கனத்தில் இருக்கும். பெட்டி வேலைக்கு அது ஆகாது.

பெட்டிப்பாட்டு:

நன்றி. பக்கத்துக் கடையில் விசாரித்தேன், அங்கே பேனல் சா இல்லையாம். கை மிஷினில் வெட்டித் தர்றோம்னு சொல்றாங்க. பரவாயில்லையா? டிரைவருக்கு (பெட்டியில் மாட்டும் ஸ்பீக்கர் யூனிட்) வட்ட ஓட்டை யார் போடுவாங்க?

ரம்பக்கட்டை:

கை மிஷின் என்றால் எந்த பிளேடு என்று பாருங்க. டைல்ஸ் வெட்டும் டயமண்ட் பிளேடையே பலகைக்கும் ஓட்டுவாங்க. அது வெட்டாது, தேய்த்துக் கருக்கும். 4 அங்குல பிளேடு என்றால் 40 பல் கார்பைடு பல் பிளேடு வேணும். பலகை மேல் நேரான அலுமினியக் குழாயைக் கிளாம்ப் போட்டு, மிஷினை அதை ஒட்டித் தள்ளினால் நேராக வரும். குழாய்க்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை அந்த மிஷினிலேயே கழிவுத் துண்டில் ஒரு வெட்டு போட்டு அளந்துக்கணும். 8 அடி நீளத்துக்குக் குழாய் நடுவில் வளையும், அதனால் 4 அடியாக்கிவிட்டு ஓட்டச் சொல்லுங்க.

கை மிஷினில் பல் கீழிருந்து மேலே ஏறும், சிலும்பல் மேல்முகத்தில் வரும். ஆகவே நல்ல முகம் கீழே. டேபிள் சாவில் இது தலைகீழ், நல்ல முகம் மேலே. எம்.டி.எஃப்.பில் சிலும்பல் குறைவு. பிளைவுட்டாக இருந்தால் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கட்டர் கத்தியால் ஒரு கீறு போட்டுவிட்டு வெட்டச் சொல்லுங்க. நல்ல பேனல் சாவில் பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு குட்டி பிளேடு அடிமுகத்தை ஒன்றிரண்டு மி.மீ. கீறிக்கொண்டே போகும், அங்கே டேப் தேவைப்படாது.

இருந்தாலும் சொல்றேன், உள்ளே அடைபடும் பலகை இருக்கிற பெட்டிக்குக் கை மிஷினை நம்பாதீங்க. மாடுலர் கிச்சன் செய்கிற பட்டறைகளில் பேனல் சா இருக்கும். பலகையை நீங்களே கொண்டுபோனால் அடி கணக்கிலோ வெட்டுக் கணக்கிலோ கூலி வாங்கிக்கொண்டு வெட்டித் தருவாங்க. காலையில் அவங்க வேலை ஓடும் நேரத்தில் போய் நிற்காதீங்க.

வட்டவாரி:

ஓட்டைக்கு சி.என்.சி. ரவுட்டர்தான் (கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்துத் தானே வெட்டும் மிஷின்) சுத்தம். ஜாலிக் கதவு வெட்டும் கடை எல்லா ஊரிலும் இருக்கு, அதே மிஷின். டி.எக்ஸ்.எஃப். கோப்பு (கம்ப்யூட்டரில் போட்ட வரைபடம்) கொடுங்க, அலகு மி.மீ. என்று தெளிவாகச் சொல்லுங்க. அதோடு, கோட்டின் எந்தப் பக்கம் பிட் (சுழன்று வெட்டும் முனை) ஓடணும் என்பதையும் சொல்லணும். துண்டின் சுற்றளவுக்கு வெளிப்பக்கம், ஓட்டைக்கு உட்பக்கம். சொல்லாமல் விட்டால் கோட்டின் மேலேயே ஓட்டிடுவாங்க. 6 மி.மீ. பிட்டில் ஓட்டையின் விட்டம் 6 மி.மீ. கூடிடும், டிரைவரின் திருகு பிடிக்க மரம் இருக்காது. டிரைவர் விளிம்பு பலகையோடு மட்டமாக உட்காரணும் என்றால் அந்தப் பள்ளத்தையும் இதிலேயே போட்டுடலாம். சதுர ஓட்டையாக இருந்தால் உள்மூலையில் 3 மி.மீ. வளைவு நிற்கும், அதை உளியால் எடுக்கணும்.

லேசர் கடைக்கு 18 மி.மீ. கொண்டு போகாதீங்க. அது 3 முதல் 6 மி.மீ. எம்.டி.எஃப்.புக்கு ஏற்றது. மரைன் பிளை என்றால் 6-இலேயே மாட்டிக்கும், உள்ளே இருக்கும் பீனால் பசை கருகி வெட்டு முழுசா இறங்காது.

ரெண்டு முன்பலகைக்காக சி.என்.சி. வேண்டாம் என்றால் ஜிக்சா போதும். வட்டத்துக்குள் ஓரத்தை ஒட்டி 10 மி.மீ. துளை போட்டு பிளேடை இறக்குங்க. கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளே வெட்டிவிட்டு உப்புத்தாளால் கொண்டுவரலாம். டிரைவரின் ஓரம் மறைத்துவிடும்.

நூல்மட்டம்:

ஒரு விஷயத்தில் ரம்பக்கட்டையோடு எனக்கு உடன்பாடில்லை. 12 துண்டையும் ஒரே நாளில் வெட்டாதீங்க. 276 பட்டையின் எட்டுத் துண்டை மட்டும் வெட்டுங்க, 200 பட்டையை 320-க்கு அறுக்காமல் பட்டையாகவே கொண்டு வாங்க. பக்கப் பலகை, மேல்-கீழ் நாலையும் சட்டமாக ஒட்டிக் காய்ந்த பிறகு உள்ளுயரத்தை நேரில் அளந்து, அந்த அளவுக்கு முன்-பின் வெட்டிக்கலாம். இரண்டாம் தடவை போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எப்படி வெட்டினாலும் ஒரே அகலம் வேண்டியதெல்லாம் கைடை நகர்த்தாமல் ஒரே செட்டிங்கில் ஓடணும். எட்டுத் துண்டும் 275.5 ஆக வந்தால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. நாலு 275.5, நாலு 276.3 என்று வந்தால் உப்புத்தாளோடு உட்காரணும். ஷீட்டின் சொந்த விளிம்பை நம்பாமல் முதலில் 5 மி.மீ. சீவிவிடச் சொல்லுங்க. கூலி கொடுக்கும் முன் 356 × 276 துண்டில் ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. 450.5 வரணும், ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கைடு கோணலாக நிற்குது.

எம்.டி.எஃப். விளிம்பில் திருகு போடுவதாக இருந்தால் 4 மி.மீ. திருகுக்கு 3 மி.மீ. துளை முதலில், மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளி. துளையில்லாமல் ஏற்றினால் பலகை நடுவில் பிளந்து உப்பும்.