சென்னை–டெல்லி: அம்மாவின் முதல் விமானப் பயணத்துக்கு யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். ஜனவரியில் அக்காவுக்குப் பிரசவம், அம்மாவை டெல்லிக்கு அழைத்துப் போக வேண்டும். ரயிலில் சுமார் 2,180 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை நாள். அம்மாவின் மூட்டுவலிக்கு அது தாங்காது. வான்வழியில் ஏறக்குறைய 1,760 கிலோமீட்டர்தான், சுமார் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். சரி, ஆனால் ஜனவரிக் காலைகளில் டெல்லியில் மூடுபனி அடர்த்தியாக இருக்கும், விமானங்கள் தாமதமாகும். மதியம் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுப்பது நல்லதா? அப்புறம், காது அடைத்து வலிக்குமோ என்று அம்மா இப்போதே பயப்படுகிறார். இறங்கும்போது மிட்டாய் சப்பினால் போதுமா? சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிட வேண்டுமா? வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.