திண்ணை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ்: பத்திரமும் பட்டாவும் இருந்தும் இடிக்கணுமா?

திண்ணைவீடு:
கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம், சின்ன ஊர். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டப் போகிறார்கள். போன வெள்ளிக்கிழமை கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தெருப் புறம்போக்கில் 0.80 மீட்டர் ஆக்கிரமிப்பாம். 7 நாளில் நாங்களே எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் எடுத்துவிட்டுச் செலவை எங்களிடம் வசூலிப்பார்களாம். செயல் அலுவலர் கையெழுத்து. நோட்டீஸில் உள்ள தேதி, ஒட்டிய நாளுக்கு 3 நாள் முந்தையது!

இடம் தாத்தா 1974இல் கிரயம் வாங்கியது. கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி, "பஞ்சாயத்து ரோட்டுக்குத் தெற்கு" என்று பத்திரத்தில் இருக்கிறது. அப்பா பெயரில் நத்தம் பட்டா (ஊர்க் குடியிருப்பு மனைக்கான பட்டா), 104 சதுர மீட்டர். சொத்து வரி பாக்கி இல்லை. திண்ணை 2 அடி 8 அங்குலம், அதற்கு வெளியே மூன்று கருங்கல் படி. அம்மாவுக்கு 71 வயது, பொழுதுக்கும் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்து பூ கட்டுவார். உடனே ஸ்டே வாங்கலாமா?

காவேரிக்கரை:
கவலையை விடுங்க. 30 வருஷத்துக்கு மேல் அனுபவம் இருந்தால் சர்க்கார் நிலமே நமக்குச் சொந்தம். வரி ரசீது வேற இருக்கு. 15 நாள் அவகாசம் தராமல் இடிக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

சிவில்பக்கம்:
காவேரிக்கரை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், மூன்றிலும் கோளாறு இருக்கிறது. வரி ரசீது வரி கட்டியதற்குத்தான் சாட்சி, இடம் யாருடையது என்பதற்கு இல்லை. 15 நாள் தீர்ப்பு 2024 நவம்பர் 13இல் வந்தது, உண்மைதான். ஆனால் ரோடு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் இருக்கும் கட்டுமானத்துக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இவர் நோட்டீஸ் அந்த விலக்குக்குள்தான் வருகிறது.

அந்த 30 வருஷக் கதை இவருக்கு ஆபத்து. எதிரிடை அனுபவம் என்று வாதாடினால், "இடம் உன்னுடையது, நான் இத்தனை வருஷம் வைத்திருந்தேன்" என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கையில் கிரயப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எதற்கு அதைச் சொல்ல வேண்டும்?

திண்ணைவீடு, நோட்டீஸில் எந்தச் சட்டம் குறிப்பிட்டிருக்கிறது? வட்டாட்சியர் அனுப்பினால் 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம், 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டுத்தான் மேலே போக வேண்டும். செயல் அலுவலர் என்றால் 1998 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமாக இருக்கும். அது நடைமுறைக்கு வந்ததே 2023 ஏப்ரலில்தான். சில அலுவலகங்களில் இன்னும் பழைய 1920 சட்டத்தின் படிவத்தையே அடித்து அனுப்புகிறார்கள். எதுவானாலும் 7 நாளுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும்.

பழைய சர்வேயர்:
சட்டம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 30க்கு 40 என்றால் 1,200 சதுர அடி, அதாவது 111.48 சதுர மீட்டர். பட்டாவில் 104. குறைவது 7.48. ரோட்டுப் பக்க அகலம் 30 அடி, 9.14 மீட்டர். வகுத்தால் 0.82 மீட்டர் வருகிறது. நோட்டீஸில் சொன்ன 0.80 இதுதான். அடியில் சொன்னால் 2 அடி 8 அங்குலம், உங்கள் திண்ணையேதான்.

யாரும் வந்து டேப் பிடித்த மாதிரித் தெரியவில்லை. நத்தம் புலப்படத்தை (சர்வே வரைபடத்தை) எடுத்து மேசையில் வைத்தே எழுதியிருப்பார்கள். நீங்கள் பின்சுவரின் வெளிமுகத்திலிருந்து முன்சுவரின் வெளிமுகம் வரை அளந்து சொல்லுங்கள்.

திண்ணைவீடு:
அளந்தேன் சார். 37 அடி 4 அங்குலம்.

பழைய சர்வேயர்:
திண்ணையைச் சேர்த்தால் சரியாக 40. நத்தம் நிலவரித் திட்டத்தில் (குடியிருப்பு மனைகளை அளந்து பட்டா கொடுத்த திட்டம்) அளந்தவர் சுவரோடு நிறுத்திவிட்டார். திண்ணை தெருவில் விழுந்துவிட்டது. நம்ம பக்கத்துப் பழைய தெருக்களில் இது சகஜம், நானே அப்படி அளந்த காலம் உண்டு.

ஆனால் மூன்று படியும் 40க்கு வெளியே இருக்கிறது. அதைக் காப்பாற்றப் பார்த்தால் திண்ணையும் சேர்ந்து போகும். முதலில் அத்து (எல்லை) காட்ட நில அளவைக்குப் பணம் கட்டுங்கள், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தாய்ப் பத்திரத்தையும் (தாத்தாவுக்கு விற்றவரின் பழைய பத்திரம்) தேடுங்கள். எதிர்வரிசையில் யாராவது ரோட்டுக்குள் வந்திருந்தால் தெரு அகலத்தை வைத்து அதுவும் தெரிந்துவிடும்.

செயலகத்தில்_வேலை:
நான் வேறு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். எங்களிடம் சொந்த சர்வேயர் கிடையாது, வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருப்பதுதான் எங்களுக்கு வேதம். ஒரு வீட்டை விட்டால் அடுத்த வீட்டுக்காரர் படம் எடுத்துக்கொண்டு ஹைகோர்ட்டுக்குப் போவார். அதே சமயம் உங்கள் இடம் என்று நிரூபணமானால் சும்மா எடுக்க முடியாது. பேசி வாங்க வேண்டும், அல்லது 2013 நில எடுப்புச் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும். அதற்கு எங்களிடம் நிதி இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

சிவில்பக்கம்:
அப்படியானால் பதிலில் மூன்று விஷயம் போதும்: பத்திர அளவு, பட்டா அளவு, இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் திண்ணைதான் என்பது. படிகளை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றும் எழுதுங்கள், நியாயமான ஆள் என்று தெரியும். அளவைக் கட்டண ரசீதை இணைத்து நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். தகவல் உரிமை மனுவும் போடலாம், 10 ரூபாய்தான், ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. இந்த அவசரத்துக்கு உதவாது.

அளக்காமலே இடிக்க வந்தால் ஹைகோர்ட்டில் ரிட் மனு. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குச் சென்னைதான், மதுரை பெஞ்ச் இல்லை. பெரும்பாலும் "அளந்து, மனுதாரரைக் கேட்டு முடிவெடுங்கள்" என்றுதான் உத்தரவு வரும். அதை இப்போதே கேட்டு வாங்க முடிந்தால் வக்கீல் செலவு மிச்சம்.

திண்ணைவீடு (மூன்று வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. பதில் கொடுத்தபோது எழுத்தர் முத்திரை போட யோசித்தார், அப்புறம் போட்டார். சர்வேயர் வந்து இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் வைத்து அளந்தார். பத்திரப்படி திண்ணை உள்ளேதான் என்று அவரே வாயால் சொன்னார். எழுத்தில் 104ஐ மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லையாம். பரப்புத் திருத்தத்துக்கு வட்டாட்சியரிடம் மனு போட்டிருக்கிறேன். அது முடியும் வரை திண்ணையைத் தொடுவதில்லை என்று செயல் அலுவலர் ஒத்துக்கொண்டார். அதை எழுதித் தரவில்லை என்பதுதான் இடிக்கிறது.

சிவில்பக்கம்:
நீங்களே எழுதிவிடுங்கள். "இன்ன தேதியில் நேரில் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வட்டாட்சியர் மனுவைத் தள்ளினால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு இருக்கிறது.

திண்ணைவீடு:
கொடுத்துவிட்டேன். படிகளை நாங்களே எடுத்தோம். ஒரு கொத்தனார், இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. படி போனதும் திண்ணையிலிருந்து தரைக்கு 2 அடிக்கு மேல் இறக்கம் வந்துவிட்டது, அம்மா இரண்டு நாள் வெளியிலேயே வரவில்லை. கிழக்கு ஓரத்தில் திண்ணையையே கொஞ்சம் வெட்டி, பக்கவாட்டில் இறங்குகிற மாதிரிப் படி வைத்திருக்கிறோம். எடுத்த கல்லில் ஒன்று இப்போது பின்கட்டில் துவைக்கிற கல்.