மறு: எஃப்என் பூட்டுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே,

விசைப்பலகையில் எஃப்1 முதல் எஃப்12 வரை இருக்கும் விசைகளுக்கும், அவற்றின் வேலையை மாற்றும் எஃப்என் விசைக்கும், அந்த மாற்றத்தை அப்படியே நிறுத்திவைக்கும் எஃப்என் பூட்டுக்கும் (எஃப்என் லாக்) நம் கையேட்டில் தமிழில் என்ன பெயர் போடலாம் என்று நாலு நாளாக இந்த இழையில் பேசுகிறீர்கள். படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நேற்று திருப்பூரில் நடந்த ஒன்று எழுத வைத்துவிட்டது.

தெரிந்தவருடைய சின்ன பனியன் கம்பெனி. கணக்கு எழுதும் பெண்ணுக்குப் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். டேலி என்ற கணக்கு மென்பொருளில் விற்பனை பில் போட எஃப்8ஐ அமுக்கினால் திரை வெளிச்சம் கூடுகிறது. "ஏனுங்ணா, நான் பில்லக் கேட்டா இது லைட்டப் போடுதுங்க" என்றார். எஃப்என்னை அழுத்திக்கொண்டு எஸ்கேப்பைத் தட்டினேன், சரியாகிவிட்டது. "என்னங்ணா பண்ணுனீங்க?" என்று கேட்டார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

(அந்தக் குறுக்குவழி எல்லா மாடலிலும் வேலை செய்யாது. சிலவற்றில் பயாஸுக்குள் (லேப்டாப் கிளம்பும்போதே திறக்கும் அமைப்புத் திரை) போய்த்தான் மாற்ற வேண்டும். அங்கே ஒருத்தர் ஹாட்கீ மோட் என்பார், இன்னொருத்தர் ஆக்‌ஷன் கீஸ் மோட் என்பார். ஆங்கிலத்திலேயே ஒற்றுமை இல்லை.)

இனி உங்கள் கருத்துகளுக்கு வருகிறேன்.

> 'செயல்பாட்டு விசை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் செயல்பாடு இல்லாத விசை எது? எண்டரும் செயல்படுகிறது, ஸ்பேஸும் செயல்படுகிறது. ஃபங்ஷன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் பள்ளிக் கணிதப் புத்தகம் சார்பு என்கிறது, பதினோராம் வகுப்புக் கணினிப் புத்தகம் செயற்கூறு என்கிறது. இரண்டும் வேறு சங்கதி. சொல்லை விட்டுவிட்டு விசையைப் பாருங்கள். 'க' விசையைத் தட்டினால் எந்த மென்பொருளிலும் க தான். எஃப்2வுக்கு அப்படிச் சொந்த வேலை எதுவும் கிடையாது. டேலியில் தேதியை மாற்றும், எக்செலில் கட்டத்தைத் திருத்தத் திறக்கும், விண்டோஸ் கோப்புறையில் கோப்புக்குப் பெயர் மாற்றும். எந்த முதலாளியிடம் நிற்கிறதோ அவர் சொன்ன வேலை. அதனால் என் ஓட்டு 'பணிவிசை'க்கு. எழுதும்போது பணிவிசை 8 என்று வேண்டாம், விசையில் அச்சடித்திருப்பது எஃப் தான். எஃப்8 என்றே இருக்கட்டும், மொத்தக் கூட்டத்துக்கு மட்டும் பணிவிசைகள்.

> 'மேல்வரிசை விசை' என்றால் குழந்தைக்கும் புரியும்.

1981இல் வந்த ஐபிஎம் பீசியில் இவை பத்துதான். அதுவும் இடது ஓரத்தில் இரண்டு பத்தியாக இருந்தன. பன்னிரண்டாகி மேலே ஏறியது அப்புறம்தான். இன்னொரு முறை இடம் மாறினால் பெயரையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது எஃப்என். உண்மையில் தகராறே இதில்தான். 'செயல்' என்றும் 'துணைவிசை' என்றும் வந்த பரிந்துரைகளில் எதுவும் அந்த விசை என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. நான் கோபிப் பக்கத்து ஆள், எனக்குத் தோன்றியது 'மடைவிசை'. கீழ்பவானி வாய்க்காலில் ஒரு பருவத்துக்கு ஒற்றைப்படை மதகுகளில் தண்ணீர் விடுவார்கள், அடுத்ததற்கு இரட்டைப்படை மதகுகளில். வாய்க்கால் ஒன்றுதான், தண்ணீர் பாயும் வயல் வேறு. எஃப்8ம் அப்படித்தான்: ஒரு மடை திறந்தால் விற்பனை பில், இன்னொன்று திறந்தால் வெளிச்சம்.

இந்த உவமை இன்னொரு இடத்திலும் பொருந்துகிறது. பெரும்பாலான லேப்டாப்களில் எஃப்என்னை அமுக்கியது இயங்குதளத்துக்கே (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி) தெரியாது. விசைப்பலகையைக் கவனிக்கும் சின்னச் சில்லு முன்னாடியே முடிவு பண்ணி, முடிவை மட்டும் அனுப்புகிறது. லினக்ஸில் எந்த விசை தட்டினோம் என்று வரி வரியாகக் காட்டும் எக்ஸ்இவி நிரலை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எஃப்என்னை எத்தனை தட்டினாலும் பெரும்பாலும் ஒரு வரிகூட வராது. மதகு மேலே இருக்கிறது, வயலுக்கு வந்து சேர்வது தண்ணீர் மட்டும்தான்.

அப்படியானால் எஃப்என் லாக் 'மடைப்பூட்டு'. திறந்த மடையை அப்படியே நிறுத்திவைப்பது.

> மடை என்றால் எங்கள் ஊரில் மடையன்தான் நினைவுக்கு வருவான்.

சிரித்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிதியை மடைமாற்றினார்கள் என்று பேப்பரில் வரும்போது யாரும் சிரிப்பதில்லையே? புழங்கினால் பழகிவிடும்.

> இதெல்லாம் எதற்கு, எஃப்என் என்றே எழுதிவிட்டுப் போகலாமே.

விசையில் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம், எனக்கும் சம்மதம். ஆனால் அமைப்புத் திரையில் விளக்கம் எழுத வேண்டுமே? சேலத்தில் 1916லேயே ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல்லுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். கோவையில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய கலைக்கதிர் தமிழிலேயே அறிவியல் எழுதியது. அவர்கள் அச்சில் போட்டால் போட்டதுதான். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆட்கள் தடுமாறினால் அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம்.

உடனே முடிவு தேவைப்படுவது ஒரு இடத்தில். ஆப்பிள் விசைப்பலகையை இயக்கும் லினக்ஸ் மாட்யூலில் (துணை நிரல்) எஃப்என்மோட் என்ற அமைப்பு இருக்கிறது. 0 வைத்தால் எஃப்என் செத்துவிடும், 1 வைத்தால் ஒலி, வெளிச்சம் முதலில், 2 வைத்தால் எஃப் விசைகள் முதலில். நம் கையேட்டில் 1ஐ 'பணிவிசை பிந்தி' என்றும் 2ஐ 'பணிவிசை முந்தி' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். பிந்தி, முந்தி ரெண்டும் பேச்சுவழக்கு மாதிரி இருக்கிறதே என்று எனக்கே கொஞ்சம் உறுத்தல். 'முதலில்', 'பிறகு' என்று போட்டால் வரி நீண்டு கட்டத்தை விட்டு வெளியே போகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன்.

எஸ்கேப்புக்கு என்ன தமிழ் என்று மட்டும் இந்த இழையில் யாரும் கிளப்பிவிடாதீர்கள். அதற்குத் தனி இழை போடலாம்.